கழுவிக் கொடுத்த தட்டு

ஜனவரி 6, திங்கள்

கணவர் எல்.ஐ.சி.யில் இருப்பதால் எங்கள் வீட்டில் டைரிக்குப் பஞ்சமில்லை. வருடா வருடம் கோலம் வரைந்தும் சமையல் குறிப்பு எழுதியும் பக்கங்கள் தீரும். இந்த வருடம் ஒழுங்காக எழுதுவது என்று முடிவு செய்திருக்கிறேன். காரணம் கோபம்.

மூன்றாம் ஆண்டு புள்ளியியல் பிள்ளைகளுக்கு இந்தப் பருவத்தில் சுற்றுச்சூழல் தரவுகளைப் பகுத்தாய்வது என்று ஒரு தாள். பாடப்புத்தகத்தில் ஏதோ ஒரு வெளிநாட்டு ஏரியின் உப்பு அளவைக் கொடுத்திருக்கிறார்கள். அந்த ஏரியை நானும் பார்த்ததில்லை, பிள்ளைகளும் பார்த்ததில்லை. வகுப்பறை ஜன்னலில் நின்றால் வெண்பாறை சிமெண்ட் ஆலையின் புகைபோக்கி தெரிகிறது. பத்து கிலோமீட்டர்தான். அந்த ஊர்க் கூரைகளில் விழும் தூசியை நாமே எடை போடுவோம் என்றேன். அரை மணி நேரத்தில் முதல்வர் கூப்பிட்டு அனுப்பினார்.

“தூசி எதுக்கு மேடம்? மழை அளவு எடுத்துக்கங்க. மழை யாரையும் கோவிச்சுக்காது” என்றார் சந்தானகிருஷ்ணன். கல்லூரிக்குப் புதிய கணினி ஆய்வகம் கட்டித் தருவது அந்த ஆலைதான். “அதோட, விரிவாக்கம் பண்ணப்பவே ஒரு வருஷம் முழுக்க அளந்து ரிப்போர்ட் குடுத்துருக்காங்க. தூசி அளவோடதான் இருக்குன்னு. தெரியுமில்ல?”

தெரியும் என்றேன். மழையை அக்டோபரில் பார்த்துக்கொள்ளலாம் சார், ஜனவரியில் தூசிதான் கிடைக்கும் என்றும் சொன்னேன்.

நான் கௌரவ விரிவுரையாளர். பதினோரு வருடமாகக் கௌரவம் மட்டும் நிரந்தரம். ஏப்ரல் கடைசியில் முதல்வர் கையெழுத்துப் போட்டால்தான் ஜூனில் மறுபடியும் வேலை. அதை அவர் நினைவுபடுத்தவில்லை. மேஜைமேல் இருந்த பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டே இருந்தார், அவ்வளவுதான்.

ஜனவரி 9, வியாழன்

இருபத்து நான்கு எவர்சில்வர் தட்டு வாங்கியாயிற்று. பாத்திரக் கடைக்காரர் வழக்கம்போல இயந்திரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, “என்ன பேரு வெட்டணும்மா, சீர் வரிசையா?” என்றார். பேரில்லை, ஒன்று முதல் இருபத்து நான்கு வரை நம்பர் மட்டும் வெட்டுங்கள் என்றேன். கடை முழுக்க என்னை ஒரு மாதிரிப் பார்த்தது.

வழிமுறை எளிது. தட்டில் மெல்லிசாக வாசலின் தடவி, வேதியியல் துறைத் தராசில் எடை பார்த்து, ஒரு வாரம் கூரைமேல் வைத்துவிட்டு மறுபடி எடை பார்ப்பது. கூடியிருப்பது தூசி. பன்னிரண்டு தட்டு வெண்பாறைக்கு, பன்னிரண்டு நம் டவுனுக்கு. இரண்டு ஊரின் சராசரியும் வேறுபடுகிறதா என்று பார்ப்பதுதான் பாடம்.

மிக்ஸி ஜார் பிளேடு மாற்ற வேண்டும்.

ஜனவரி 20, திங்கள்

பொங்கல் விடுமுறை முடிந்து இன்று தட்டு வைத்தோம். வெண்பாறை என் வகுப்பு செவ்வந்தியின் ஊர். அவள் அப்பா ஆலைக்கு லாரி ஓட்டுகிறார். அம்மா பூங்காவனம் எங்களை உட்காரவைத்து மோர் கொடுத்தார். மோர் டம்ளர்மேல் தட்டு போட்டு மூடித்தான் கொண்டுவந்தார். அந்த ஊரில் எல்லாவற்றையும் மூடித்தான் வைக்கிறார்கள்.

“ஒரு வாரம் கூரை மேல இருக்கட்டும்க்கா, அடுத்த திங்கக்கிழமை வந்து வாங்கிக்கறோம்” என்று ஒவ்வொரு வீட்டிலும் சொன்னேன். எல்லோரும் சரி சரி என்றார்கள். காசா பணமா, ஒரு தட்டுதானே.

ஜனவரி 27, திங்கள்

இப்படி ஒரு ஊரை நான் பார்த்ததில்லை. டவுனில் ஒருத்தரும் எங்களைக் கண்டுகொள்ளவில்லை, பையன்களே மாடியேறி எடுத்து வந்தார்கள். வெண்பாறையில் நாங்கள் போவதற்கு முன்பே தட்டுகளைக் கீழே இறக்கி எடுத்து வைத்திருந்தார்கள். வெறும் தட்டாகவும் கொடுக்கவில்லை. ஒரு வீட்டில் முருங்கைக்காய், ஒரு வீட்டில் நாலு எலுமிச்சை, ஒரு வீட்டில் வேர்க்கடலை. நான் ஆட்டோவில் பெட்டியோடு உட்கார்ந்திருந்தேன். பிள்ளைகள் ஓடி ஓடிக் கொண்டுவந்து அடுக்கினார்கள். பூட்டியிருந்த ஒரு வீட்டிலும் பள்ளிக்கூட மாடியிலும் மட்டும் அவர்களே ஏறி எடுத்தார்கள்.

நல்ல எவர்சில்வர். ஒரு வாரம் வெயிலில் கிடந்தும் பளபளப்பு போகவில்லை.

இரவு முருங்கைக்காய் சாம்பார்.

ஜனவரி 28, செவ்வாய்

வெண்பாறைச் சராசரி 0.10 கிராம். டவுன் சராசரி 0.13 கிராம். ஆலைக்குப் பக்கத்து ஊரில் தூசி குறைவு.

எடை போட்டு அட்டவணை எழுதியவன் ஆரோக்கியதாஸ். வாயாடி, ஆனால் கணக்கில் கெட்டி. “மேடம், பத்து வீட்டுல ஜீரோ. ரெண்டுல மட்டும் அரைக்கு மேல வருது. அந்த ரெண்டும் அவுட்லையர், தூக்கிடலாமா? தூக்கிட்டா வெண்பாறையில தூசியே இல்லன்னு வந்துடும்” என்றான்.

“எதுலயும் கை வைக்காத” என்று கத்திவிட்டேன். அவன் கேட்டது பாடத்தில் இருக்கும் கேள்விதான். கூட்டத்தை விட்டு வெகுதூரம் விலகி நிற்கும் எண்ணை என்ன செய்வது என்று ஓர் அத்தியாயமே இருக்கிறது. அதை நான் வருடா வருடம் அரை மணி நேரத்தில் முடித்துவிடுவேன். நேரமில்லாததுதான் காரணம்.

ஜனவரி 29, புதன்

முதல்வர் இன்று காபி வரவழைத்துக் கொடுத்தார். பதினோரு வருடத்தில் முதல் காபி.

“பாத்தீங்களா மேடம், நான் அப்பவே சொன்னேன். பிப்ரவரி இருபத்தொண்ணு கருத்தரங்கத்துல இத அப்படியே படிச்சுருங்க. ஆலையோட மக்கள் தொடர்பு அதிகாரிதான் சீஃப் கெஸ்ட். உங்க ஏப்ரல் ஃபைல நான் இப்பவே தனியா எடுத்து வெச்சுட்டேன்.”

காபியில் சர்க்கரை அதிகம்.

ஜனவரி 30, வியாழன்

ஒரு வாரம் வெட்டவெளியில் கிடந்த தட்டில் தூசி பூஜ்யம் என்றால், வீட்டைக் கூட்டிப் பெருக்குகிற யாரும் நம்ப மாட்டார்கள். அட்டவணை வேண்டாம், தராசுக்குப் பக்கத்தில் வைத்து எழுதிய நோட்டைக் கொண்டுவா என்றேன். ஆரோக்கியதாஸ் தலையைச் சொறிந்துகொண்டே கொடுத்தான். பத்துத் தட்டுக்கு நேராகவும் கழித்தல் குறி. மைனஸ் 0.38, மைனஸ் 0.41, மைனஸ் 0.40.

“தூசி மைனஸ்ல வராதுல்ல மேடம். தராசுதான் தப்பு காட்டுதுன்னு ஜீரோ போட்டுட்டேன்.”

நாங்கள் தடவிய வாசலின் எடையே 0.4 கிராம்தான். தூசி மட்டும் அல்ல, வாசலினும் சேர்ந்தே காணாமல் போயிருக்கிறது. மத்தியானம் செவ்வந்தியைக் கூட்டிக்கொண்டு வெண்பாறைக்கு பஸ் ஏறினேன். பூங்காவனத்திடம் கேட்டேன்.

“ஆமாங்க, நல்லா சபீனா போட்டுத் தேச்சுட்டேன். பிசுபிசுன்னு ஒரே எண்ணெய், மேல அம்புட்டு மண்ணு. அப்படியே எப்புடிங்க குடுக்கறது? நம்ம வீட்டுக்கு வந்த தட்டு.”

“அம்மா” என்று செவ்வந்தி முகத்தை மூடிக்கொண்டாள்.

“என்னடி அம்மா? தெருவுல எல்லாருந்தான் கழுவுனோம். கமலா புளி போட்டே தேச்சா. படிக்கிற புள்ளைங்க வந்து வாங்கிட்டுப் போவுதே, அழுக்கா குடுத்தா நம்மள என்ன நெனைப்பாங்க?”

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். பிறகு சிரிப்பு வரவில்லை. தினமும் காலையில் வீட்டுக்குள் அலமாரியில் கவிழ்த்து வைத்த பாத்திரத்தையும் ஒருமுறை கழுவித்தான் அடுப்பில் வைப்பார்களாம். கேட்டதும் சாதாரணமாகச் சொன்னார். பத்து வீட்டுப் பெண்கள் மரியாதைக்காகத் தூசியைத் துடைத்துக் கொடுத்திருக்கிறார்கள். அந்த மரியாதையை நாங்கள் எண்ணாக்கி, உங்கள் ஊரில் தூசியே இல்லை என்று அவர்களிடமே சொல்லப் பார்த்திருக்கிறோம்.

ஜனவரி 31, வெள்ளி

முதல்வரிடம் விஷயத்தைச் சொன்னேன். முதல் வார எண்கள் செல்லாது, மறுபடி தட்டு வைக்கிறேன் என்றேன்.

“கழுவின தட்டும் தட்டுதான மேடம். நீங்க எடை போட்டீங்க, ஒரு எண் வந்துச்சு. அத மாத்தறதுக்கு நாம யாரு?”

நான்தான் சார் புள்ளியியல் ஆசிரியர் என்றேன். பேனா மூடியைக் கழற்றினார், மாட்டினார். இன்று காபி இல்லை.

பிப்ரவரி 3, திங்கள்

இரண்டாம் சுற்று. ‘தயவுசெய்து கழுவாதீர்கள்’ என்று செவ்வந்தி சீட்டு எழுதி ஒவ்வொரு தட்டுக்கு அடியிலும் ஒட்டினாள். படிக்காதவர்களுக்கு வாயால் சொன்னோம். பூங்காவனம் ஒப்புக்கொண்டார், ஆனால் மனசில்லாமல். “உங்களுக்காவத்தான் அப்படியே வெக்கிறேன். வேற யாராச்சும் பாத்தா, நாங்க இப்புடித்தான் குடுத்தோம்னு சொல்லிராதீங்க.”

பிப்ரவரி 6, வியாழன்

வகுப்பு முடிந்ததும் செவ்வந்தி ஒரு தாள்கட்டோடு வந்தாள். ஆலை விரிவாக்கத்தின்போது தயாரித்த அந்த அறிக்கை. பதினான்கு வருடத்துக்கு முந்தையது. ஊராட்சி அலுவலகத்தில் ஒரு நகல் கிடந்ததாம், ஜெராக்ஸ் எடுத்திருக்கிறாள்.

“மேடம், வாரம் ஒருக்கா அளந்தோம்னு போட்டுருக்காங்க. ஒரு வருஷம்னா அம்பத்தி ரெண்டு வாரம். ஆனா சராசரி எடுத்த எடத்துல நாப்பத்தி ஏழு எண்ணுதான் இருக்கு. அஞ்சு எங்க மேடம் போச்சு?”

நான் கற்றுக்கொடுத்ததுதான். எந்த அட்டவணையைப் பார்த்தாலும் சராசரிக்கு முன்னால் எத்தனை எண்கள் என்று எண்ணிப் பார் என்று எல்லா வருடமும் சொல்கிறேன். இத்தனை வருடத்தில் ஒருத்தியாவது அதைக் கேட்டிருக்கிறாள்.

பார்த்துச் சொல்கிறேன் என்றேன். கடைசிப் பக்கம் இல்லை போலிருக்கே என்று கேட்டேன். ஜெராக்ஸ் கடையில் விட்டுப்போயிருக்கும் மேடம் என்றாள்.

பிப்ரவரி 7, வெள்ளி

பரண் சுத்தம் செய்யவில்லை. முழங்கால் வலி.

பிப்ரவரி 10, திங்கள்

வெண்பாறை 0.63. டவுன் 0.12. பன்னிரண்டு தட்டும் கழுவாமல் வந்தன. ஐந்து மடங்கு. தற்செயலாக இப்படி வர வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்றுகூட இல்லை என்று பிள்ளைகள் t-சோதனை போட்டுக் காட்டினார்கள். ஆரோக்கியதாஸ் கரும்பலகையில் 0.63 என்று எழுதி அதற்குச் சந்தனம் குங்குமம் வைக்கிற மாதிரி வண்ணச் சாக்பீஸால் பொட்டு வைத்தான். அழி என்று சொல்ல மனசு வரவில்லை. வாராவாரம் தொடர்ந்து அளப்பது என்று அவர்களே முடிவு செய்தார்கள்.

பிப்ரவரி 12, புதன்

கருத்தரங்கப் படிவம் மேஜைக்கு வந்தது. முதல் வார அட்டவணையைத் தட்டச்சு செய்து வைத்திருக்கிறார்கள், 0.10, 0.13. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி, நான் இடம் தெரியாமல் தவித்துவிடக் கூடாதாம். முதல்வர் நேரில் வரவில்லை. உதவியாளர் சொன்னார்: “சார் இருபதாம் தேதிக்குள்ள கேட்டாரு மேடம். ஏப்ரல் ஃபைலோட சேத்து வைக்கணுமாம்.”

படிவத்தைப் பையில் போட்டுக்கொண்டேன். போடுகிறேன் என்றும் சொல்லவில்லை, போட மாட்டேன் என்றும் சொல்லவில்லை. என்னைப் பற்றி நான் நினைத்துக்கொண்டிருந்த அளவுக்கு எனக்குத் தைரியம் இல்லை போலிருக்கிறது.

பிப்ரவரி 16, ஞாயிறு

பரணிலிருந்து பெட்டியை இறக்கினேன். கணவர் ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

“அந்தப் பெட்டிய ஏன் இப்ப எறக்குற மங்கை? பதினாலு வருஷமா அது பாட்டுக்குக் கெடக்குது.”

“அதான் எறக்குறேன்” என்றேன்.

எழுதிவிடுகிறேன். டைரிக்கு மறைத்து என்ன ஆகப்போகிறது. அந்த ஐந்து வாரம் எங்கே போனது என்று எனக்குத் தெரியும். தூக்கியவள் நான். திருச்சியில் ஓர் ஆலோசனை நிறுவனத்தில் அது என் முதல் வேலை, இருபத்தேழு வயது. ஐம்பத்திரண்டு எண்ணையும் என் மேஜையில் வைத்து, “இந்த அஞ்சு மட்டும் ஓவரா நிக்குது பாரும்மா. கருவி கோளாறா இருக்கும். அவுட்லையர்னு தூக்கிட்டா நீட்டா வந்துடும்” என்றார் மேலாளர். கருவி கோளாறா என்று நான் யாரையும் கேட்கவில்லை. ஐந்தும் மார்கழி, தை வாரங்கள். வாடைக்காற்று ஆலையிலிருந்து நேரே வெண்பாறைக்கு வீசும் காலம். அது எனக்கு அன்றைக்கே தெரிந்தது. காற்றுத் திசைப் பக்கம் அதே கோப்பில்தான் இருந்தது. தூக்கினேன். சராசரி வரம்புக்குள் வந்தது. ரொம்ப நீட்டாக வந்தது என்று மேலாளர் பாராட்டினார், அந்தப் பாராட்டில் எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது.

கடைசிப் பக்கத்தில் இருக்கிறது: புள்ளியியல் பகுப்பாய்வு, மங்கையர்க்கரசி. கீழே கையெழுத்து. என் கையெழுத்து அப்போது அழகாக இருந்தது.

பூங்காவனமாவது நம் வீட்டுக்கு வந்த தட்டு என்று கழுவினார்.

“வேல போயிரும்” என்றார் அவர், பெட்டியைத் துடைத்துக்கொண்டே.

“போகட்டும்.”

பெட்டியைத் துடைத்து முடித்தார். பிறகு, “அந்த அஞ்சு எண்ணும் இருக்கற தாள் கெடைச்சுதா?” என்று கேட்டார். கிடைத்தது என்றேன். “அப்ப ரெண்டு ஜெராக்ஸ் போட்டு வெச்சுக்க” என்றார். இந்த மனுஷனிடம் இதைப் பதினான்கு வருடம் முன்பே சொல்லியிருக்கலாம்.

பிப்ரவரி 20, வியாழன்

படிவத்தைக் கையெழுத்தில்லாமல் திருப்பிக் கொடுத்தேன். பென்சில் குறியை மட்டும் ரப்பரால் அழித்துக் கொடுத்தேன்.

பிப்ரவரி 21, வெள்ளி

கையெழுத்து இல்லாவிட்டாலும் அழைப்பிதழில் என் பெயர் அச்சாகிவிட்டது. அதை அவர்களால் எடுக்க முடியவில்லை. மேடையில் முதல்வரும் மக்கள் தொடர்பு அதிகாரியும். எனக்குப் பத்து நிமிடம்.

முதலில் முதல் வார அட்டவணையைத் திரையில் போட்டேன். முதல்வர் முகம் மலர்ந்தது. “இந்தப் பத்துத் தட்டும் கழுவிக் கொடுத்த தட்டு. இது தூசி இல்லாததற்குச் சான்று இல்லை, வெண்பாறைக்காரர்கள் சுத்தமானவர்கள் என்பதற்குச் சான்று” என்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள். அடுத்து கழுவாத தட்டுகளின் அட்டவணை. ஆரோக்கியதாஸ் எழுந்து கழுவாத ஒன்பதாம் எண் தட்டின் படத்தைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தான், அப்படிச் செய்யச் சொல்லி யாரும் சொல்லவில்லை.

அங்கே மைக் நின்றுவிட்டது. யார் நிறுத்தினார்கள் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. அறுபது பேர் வகுப்பில் மின்விசிறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை, கடைசி வரிசைவரை போகும்.

அதிகாரி பண்பான ஆள். சிரித்த முகமாகவே கேட்டார்: “மேடம், ரெண்டு வாரம், பன்னெண்டு தட்டு. ஸ்டூடண்ட்ஸ் செஞ்சது. எங்ககிட்ட ஒரு வருஷ அறிக்கை இருக்கு. எக்ஸ்பர்ட் கையெழுத்துப் போட்டது. எத நம்பறது?”

“அந்த எக்ஸ்பர்ட் நான்தான் சார்.”

ஐம்பத்திரண்டு எண்ணும் இருந்த தாளைத் திரையில் போட்டேன். நான் அன்றைக்குச் சிவப்பு மையில் அடித்த ஐந்து வரியும் தெரிந்தன. “அஞ்சையும் எடுத்தா வரம்புக்குள்ள. சேத்தா வரம்ப மீறுது. எடுக்கக் காரணமே இல்ல. எடுக்கச் சொன்னாங்க, எடுத்தேன். அது பிழை இல்ல சார், தப்பு. நான் செஞ்ச தப்பு. அந்த அறிக்கைய யாரும் இனிமே என் பேரச் சொல்லிக் காட்ட வேண்டாம்.”

முதல்வர் நேரம் முடிந்தது என்று மணி அடித்தார். எனக்கு இன்னும் இரண்டு நிமிடம் இருந்தது. அதையும் எடுத்துக்கொண்டுதான் இறங்கினேன்.

வெளியே வேப்பமரத்தடியில் செவ்வந்தி அழுதுகொண்டு நின்றாள். நோட்டிலிருந்து மடித்த ஒரு தாளை எடுத்து நீட்டினாள். அறிக்கையின் கடைசிப் பக்கம். என் பெயர், என் கையெழுத்து.

“ஜெராக்ஸ் கடையில விடல மேடம். நான்தான் எடுத்து வெச்சுட்டேன். உங்களுக்குக் கஷ்டமா இருக்குமேன்னு.”

“நீயும் உங்க அம்மா மாதிரி கழுவித்தான குடுத்திருக்க” என்றேன். அவள் அழுகையோடு சிரித்தாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது. இனிமேல் எனக்காகவும் கழுவாதே என்று சொல்லிவிட்டு, விலகி நிற்கும் எண்களின் அத்தியாயத்தைத் திங்கட்கிழமை முழுதாக எடுப்பேன் என்றும் சொன்னேன்.

பிப்ரவரி 24, திங்கள்

காலையில் மெமோ. ஏப்ரல் முப்பதோடு என் பணி முடிகிறது, புதுப்பிக்கப்படாது. மாணவர்கள் தட்டு எடுக்க வெண்பாறைக்குப் போகக் கூடாது. வாங்கியதற்குக் கையெழுத்துப் போட்டேன். இதற்குப் போடுவதில் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை.

போன திங்கள் வைத்த தட்டுகளை இன்று எடுக்க வேண்டும். எப்படி எடுப்பது என்று தெரியாமல் விலகிய எண்களின் பாடத்தை நடத்திக்கொண்டிருந்தேன், முழு இரண்டு மணி நேரம். பதினோரு மணிக்கு வாட்ச்மேன் வந்து, வாசலில் உங்களைத் தேடி ஓர் அம்மா நிற்கிறார் என்றார்.

பூங்காவனம். இடுப்பில் பெரிய அலுமினியக் கூடை. உள்ளே பன்னிரண்டு தட்டும், ஒவ்வொன்றும் தனித்தனி அட்டைப் பெட்டியில், மேலே செய்தித்தாள் போட்டு மூடி, நூல் கட்டி. பஸ்ஸில் சீட் கிடைத்தும் உட்காராமல், கூடையைச் சீட்டில் வைத்துப் பிடித்துக்கொண்டே நின்று வந்திருக்கிறார். பாலத்து மேட்டில் பஸ் குலுங்கியபோது கண்டக்டரைத் திட்டினாராம்.

“செவ்வந்தி போன்ல சொன்னா, புள்ளைங்க வரக்கூடாதுன்னுட்டாங்களாமே. நாங்க வரக்கூடாதுன்னு யாரும் சொல்லலல்ல? ஒன்னையும் கழுவலீங்க. நல்லா பாத்துக்கங்க. யாரு கேட்டாலும் பூங்காவனம் அழுக்காத்தான் குடுத்தான்னு சொல்லுங்க.”

முதல்வர் அறையைத் தாண்டித்தான் வேதியியல் துறைக்குப் போக வேண்டும். கூடையை நானும் அவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு போனோம். பின்னால் வகுப்பு முழுக்க வந்தது.

செவ்வந்தி வீட்டுத் தட்டு ஏழாம் எண். 0.71 கிராம். ஆரோக்கியதாஸ் படித்தான், செவ்வந்தி எழுதினாள். தட்டில் வைக்க முடியாததால் பூங்காவனம் முருங்கைக்காயைத் தனிப் பையில் கொண்டுவந்திருந்தார்.